வான்கோழி வாலும் சேப்பங்கிழங்கும்

நீரிழிவு ஆலோசனைக்கு வருபவர்களில் பலர், உட்கார்ந்ததுமே "என்னால் வாயைக் கட்ட முடியவில்லை, தப்பு என் மேல்தான்" என்று தலை குனிந்துகொள்கிறார்கள். உணவியல் ஆலோசகராகிய நான் அவர்களிடம் சமோவாவின் கதையைச் சொல்வதுண்டு.

பசிபிக் தீவு நாடான சமோவாவின் பழைய சமையல் 'உமு' எனப்படும் கல்லடுப்பில் நடப்பது. விறகால் பழுக்கக் காய்ச்சிய கற்களின் மேல் சேப்பங்கிழங்கு, ஈரப்பலா, மீன் ஆகியவற்றை அடுக்கி, இலைகளால் மூடி வேகவைப்பார்கள். இளஞ்சேம்பு இலைக்குள் தேங்காய்ப்பால் ஊற்றிப் பொட்டலமாக மடித்து வைக்கும் 'பலுசாமி'யும் அதே அடுப்பில் வேகும். சேம்பு இலை சரியாக வேகாவிட்டால் தொண்டையை அரித்துவிடும் என்பதால், அந்தச் சமையலுக்குப் பொறுமை வேண்டும்.

அந்தத் தட்டில்தான் வான்கோழி வால் வந்து சேர்ந்தது. இறகுகள் ஊன்றியிருக்கும், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கொழுப்பாகவே உள்ள இந்தத் துண்டை அமெரிக்கர்கள் பெரிதாகச் சீண்டுவதில்லை. அங்கே வேண்டாததாகிவிட்ட அது, உறையவைக்கப்பட்டுக் கப்பலேறி, தீவுக் கடைகளில் மலிவான இறைச்சியாக விற்பனைக்கு வந்தது. போதாக்குறைக்கு 1993இல் இலைக்கருகல் நோய் பரவிச் சேம்புத் தோட்டங்களை அழித்துவிட, இறக்குமதி அரிசியும் மைதாவும் அன்றாட உணவில் இன்னும் பெரிய இடத்தைப் பிடித்துக்கொண்டன. பக்கத்து நாடான ஃபிஜியில் இதேபோல் மலிவாக வந்து குவிந்தது கொழுப்பு மிகுந்த ஆட்டு விலாத் துண்டு. 2000இல் அந்நாடு அதன் விற்பனையைத் தடை செய்தது.

சமோவா 2007இல் வான்கோழி வால் இறக்குமதியைத் தடை செய்தது. ஆனால் 2012இல் உலக வர்த்தக அமைப்பில் உறுப்பினராவதற்கு அந்தத் தடையைக் கைவிட ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்கு ஈடாக முதலில் 300 சதவீத இறக்குமதி வரி விதித்துக்கொள்ள இடம் கிடைத்தது. ஒரு நாடு தன் மக்களின் உடல்நலம் கருதி எடுத்த முடிவை வணிக விதிக்காக விட்டுக்கொடுக்க நேர்ந்தது எனக்கு இன்றுவரை வேதனையாகவே இருக்கிறது. இதையெல்லாம் அறிந்த பிறகு, சமோவா மக்களுக்கு நாக்கு நீளம் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? கையில் இருந்த காசுக்குக் கடையில் கிடைத்ததை அவர்கள் வாங்கினார்கள்.

அதனால்தான் ஆலோசனைக்கு வருபவர்களிடம் நான் முதலில் மளிகைச் சீட்டைக் கேட்கிறேன். அண்மையில் ஓர் அம்மா கொண்டுவந்த சீட்டில் மைதா, சேமியா, ரவை, பிஸ்கட் எல்லாம் தாராளமாக இருக்க, ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு மாதம் முழுவதற்கும் துவரம்பருப்பு அரைக் கிலோதான் எழுதியிருந்தது. ஏன் என்று கேட்டேன். "பருப்பு விற்கிற விலைக்கு இவ்வளவுதான் முடியும்மா" என்றார். மீதி நேரம் முழுவதும், அவர் ஊர்ச் சந்தையில் தட்டைப்பயறு என்ன விலை, கொள்ளு என்ன விலை என்று இருவரும் சேர்ந்து அந்தச் சீட்டின் பின்புறத்திலேயே கணக்குப் போட்டோம்.