கிட்னி கெட்டவருக்கும் ஈரலில் மருந்து ஸ்கேன் எடுக்கலாம்

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து கிளினிக் கடிதத்தோடு ஸ்கேனுக்காக ஈப்போவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு பயம் உண்டு. "கிட்னி ஏற்கெனவே சரியில்லை, மருந்து ஏற்றினால் இருக்கிறதும் போய்விடாதா?" சி.டி. ஸ்கேனுக்குப் போடும் அயோடின் மருந்தென்றால் அந்தக் கவலை நியாயம். ஈரல் கட்டியைப் பார்க்க அல்ட்ராசவுண்டுக்குப் போடுவது வேறு. மெல்லிய கொழுப்புத் தோல் போர்த்திய சல்பர் ஹெக்சாஃப்ளோரைடு வாயுக் குமிழிகள், சராசரி 2.5 மைக்ரோமீட்டர், சிவப்பணுவைவிடச் சிறியவை. வாயு மூச்சோடு வெளியேறிவிடும், சிறுநீரகம் அதை வடிகட்டி வெளியேற்ற வேண்டியதில்லை.

இந்தக் குமிழி மருந்தின் பெயர் சோனோவியூ. அதன் புட்டியில் 25 மில்லிகிராம் தூள் இருக்கும். 5 மில்லி உப்புநீர் விட்டு 20 விநாடி நன்றாகக் குலுக்கினால் பால்போல வெளுக்கும். ஈரலுக்கு 2.4 மில்லி, பின்னாலேயே 5 முதல் 10 மில்லி உப்புநீர். கொஞ்ச நேரம் அப்படியே வைத்துவிட்டால் குமிழிகள் மேலே மிதந்துவிடும். மறுபடி குலுக்காமல் உறிஞ்சினால் குமிழிகள் குறைவாகத்தான் வரும். மெல்லிய ஊசியில் அழுத்தித் தள்ளினால் குமிழிகள் ரத்தக்குழாயை எட்டுமுன்பே உடையும். 20 கேஜ் ஊசி வேண்டும். மூவழிக் குழாயில் மருந்து நேர்வழியில், உப்புநீர் பக்கவழியில்.

இயந்திரம் குமிழியை எப்படிப் பிரித்தறிகிறது? ஒரு துடிப்பை அனுப்பி, அடுத்ததைத் தலைகீழாக்கி அனுப்பும். எதிரொலி இரண்டையும் கூட்டினால் சதையின் ஒலி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். குமிழி சுருங்குவதும் விரிவதும் ஒரே அளவில் இல்லை, அதனால் அதன் ஒலி மட்டும் மிஞ்சும். நடுவில் ஆழமாக மூச்சிழுத்தால் சதை நகர்ந்து, அழிய வேண்டியது அழியாமல் திரை சாம்பல் பூத்துவிடும். மெதுவாக மூச்சுவிடச் சொல்வது இதற்குத்தான்.

ஒலியின் வலிமையைக் காட்டும் மெக்கானிக்கல் இண்டெக்ஸ் என்ற எண் 0.1-க்குள் நிற்க வேண்டும். வழக்கமான ஸ்கேனின் அளவிலேயே விட்டால் குமிழிகள் பொரிந்துபோகும். ஊசி போடுமுன் திரை கிட்டத்தட்ட இருட்டாக, உதரவிதானம் மட்டும் மங்கலாகத் தெரிய வேண்டும். அப்போதே வெளுப்பாகத் தெரியும் சுண்ணாம்புக் கட்டியைப் பிறகு மருந்து என்று எண்ணக்கூடாது.

எங்கள் பார்வையில் மிக ஆபத்தான தவறு, உடம்பில் வைக்கும் ஒலிக்கருவியான புரோபை ஒரே இடத்தில் விடாமல் வைத்திருப்பது. அந்த இடத்துக் குமிழிகள் உடைந்து கருக்கும். கட்டியிலிருந்து மருந்து வடிந்ததுபோலத் தோன்றும். வடிவதுதான் புற்றுநோயின் அடையாளம்! முதல் 60 விநாடி தொடர்ந்து பதிவுசெய்து, பிறகு 4 முதல் 6 நிமிடம்வரை விட்டுவிட்டுப் பார்ப்பதே சரி. 60 விநாடிக்கு முன்பே வடிந்தால் வேறிடத்திலிருந்து பரவியதோ என்று சந்தேகிக்க வேண்டும். ஈரலிலேயே தோன்றிய புற்று பெரும்பாலும் அதற்குப் பிறகு, லேசாகத்தான் வடியும். கொழுப்பு ஈரலில் ஒலி ஆழம்வரை இறங்காது, அங்குள்ள கருமையை நம்ப முடியாது.

ஒவ்வாமை அரிது, ஆனால் வரும். வயிறு சுத்தம் செய்யும் மேக்ரோகோல் மருந்து ஒத்துக்கொள்ளாதவர், அண்மையில் நெஞ்சுவலி வந்தவர், நுரையீரல் ரத்தக்குழாய்களில் உயர் ரத்தஅழுத்தம் உள்ளவர் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முடிந்ததும் 30 நிமிடம் அங்கேயே உட்காருங்கள், பஸ்ஸுக்கு ஓட வேண்டாம். டயாலிசிஸுக்குக் கையில் ஃபிஸ்டுலா (ரத்தக்குழாய் இணைப்பு) வைத்திருந்தால், ஊசிக்கு மற்றக் கையை நீட்டுங்கள்.