விட்ட காச எடுக்கணும் மிஸ்

போன மாசம் ஒரு தங்கச்சி மட்டக்களப்பில என்ட ஒபிசுக்கு வந்து அடகுத் துண்டு மூண்ட மேசையில வச்சா. (ஆள் தெரியக்கூடாதெண்டு சில விபரங்கள மாத்தித்தான் எழுதுறன்.) மூணாவது துண்டு பிள்ளைட தோடு. "மிஸ், அவர் குடிக்கிறதும் இல்ல, ஓட்டோ ஓடுற காசு வீட்ட வாறதும் இல்ல" எண்டா.

அடுத்த கிழம அவரையும் கூட்டிக்கொண்டு வந்தா. அர மணித்தியாலம் நிலத்தையே பாத்துக்கொண்டு இருந்தவர் பிறகு போன எடுத்துக் காட்டினார், ஒரு சின்னப் பிளேன் மேல ஏறுது, 1.2, 1.5, 2 எண்டு இலக்கம் கூடுது, அது பறந்து மறையிறதுக்கு முதல் அமத்தினா போட்ட காசு அத்தின மடங்கா வரும், பிந்தினா போச்சு. ஒன்லைன் சூதுதான். காசு போடுறது வட்சப்ல ஒரு ஏஜன்ட் அனுப்புற யாரோ ஒராள்ட பேங்க் எக்கவுண்டுக்கு. அந்த ஏஜன்ட்ட இவர் ஒரு நாளும் கண்டதில்ல.

"அப்பாவும் லொத்தர் எடுக்கிறவர்தான் மிஸ், அதுவும் இதுவும் ஒண்டுதானே?" எண்டு கேட்டார். கன பேர் கேக்கிற கேள்வி இது. வாய்ப்ப மட்டும் பாத்தா லொத்தர் இன்னும் மோசம், அமெரிக்காட பவர்போல் எண்ட லொத்தர்ல முதல் பரிசு விழுறதுக்கு 29 கோடி 22 லட்சத்துல ஒரு சான்ஸ்தான். ஆனா சந்தியில டிக்கட் எடுக்கிறவர் குலுக்கிற மட்டும் காத்திருக்கணும், அதுக்குள்ள அவர் வேலைக்குப் போவார், சாப்பிடுவார், மறந்தும் போவார். போன்ல அந்த இடைவெளியே இல்ல, ஒண்டு முடிய அடுத்தது.

கணக்க அவர்ட முன்னாலயே எழுதிக் காட்டினன். 97 வீதம் திருப்பித் தாறம் எண்டு விளம்பரம் போடுற கேம் எண்டே வச்சுக்கொள்ளுங்க, 100 ரூபா போட்டா சராசரி 3 ரூபா அவங்களுக்கு. ஒரு மணித்தியாலத்துல 100 தரம் விளையாடினா 300 ரூபா. இது பரவாயில்ல எண்டுதான் எல்லாரும் நினைக்கிறது. ஆனா தோத்த பிறகு இவர் 100ல நிக்கல்ல, டபிள் பண்ணிப் பண்ணிப் போட்டிருக்கார், ஒருக்காவாவது விழும்தானே எண்டு. 100, 200, 400 எண்டு தொடர்ந்து ஏழு தரம் தோத்தா 12,700 ரூபா போயிரும், எட்டாவது தரம் 12,800 போடணும், அது டபிளா வந்தாலும் கையில மிஞ்சிற லாபம் வெறும் 100 ரூபா. அவர் அந்தப் பேப்பர கன நேரம் பாத்துக்கொண்டே இருந்தார்.

வேகம்தான் ஆள விழுத்துது எண்டு சில நாடுகள் விளங்கி பிரேக் போட்டிருக்கு. பிரித்தானியாவில 2020ல இருந்து கிரெடிட் கார்ட்ல சூதாட ஏலாது, 2021ல ஒன்லைன் ஸ்லொட்ல (படங்கள் சுத்தி நிக்கிற சூது கேம்) ஒரு சுத்து 2.5 செக்கனுக்குக் குறையக்கூடாதெண்டு விதி வந்தது, 2025ல ஒரு சுத்துக்கு 5 பவுண்ஸ்தான் உச்சம், 25 வயசுக்குக் குறைஞ்ச ஆக்களுக்கு 2 பவுண்ஸ். அவுஸ்திரேலியாவில 2023ல இருந்து பெட்ஸ்டொப் எண்டு ஒரு பதிவு இருக்கு, அதில ஒருக்காப் பேர் குடுத்தா லைசன்ஸ் உள்ள ஒன்லைன் பெட்டிங் கம்பெனி ஒண்டும் அந்த ஆள எடுக்க ஏலாது. நம்மட நாட்டு லொத்தர அரச சபைகள் நடத்துது, பிரச்சின எண்டா போய்க் கேக்க ஒரு ஒபிஸ் இருக்கு. வட்சப் ஏஜன்ட்டுக்கு மேல ஆர் இருக்காங்க? நம்பர மாத்தினா அவ்வளவுதான்.

தங்கச்சிக்குச் சொன்னது இதுதான்: பாவம் பாத்து முழுக் கடனையும் ஒரேயடியாக் கட்டி விடாதீங்க, கட்டினா அவருக்குத் திரும்பவும் ஆரம்பிக்க இடம் வந்திரும். ஏடிஎம் கார்டும் பேங்க் ஆப்பும் உங்கட கையில இருக்கட்டும், ஏஜன்ட்ட நம்பர உங்கட முன்னாலயே புளொக் பண்ணச் சொல்லுங்க. ஏசாதீங்க, ஏசினா ஒளிச்சு விளையாடுவார். உலக சுகாதார ஸ்தாபனமே சூதுக்கு அடிமையாகிறத நோயெண்டுதான் பட்டியல்ல வச்சிருக்கு. செத்துப்போகணும் எண்ட மாதிரிக் கத வந்தா ஒரு நிமிசமும் பாக்காம 1926க்கு (தேசிய மனநல உதவி இலக்கம்) எடுங்க, இல்லாட்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்க.

போன கிழம ரெண்டு பேரும் வந்தாங்க. பதினெட்டு நாளா விளையாடல்லயாம். தோடு இன்னும் அடகுலதான் இருக்கு.