ஆர்பெஜியேட்டர்: சொல்லும் பொருளும்

மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் சிந்தசைசர்களின் மென்பொருள் வடிவங்கள் பலவற்றில் ‘ஆர்ப்’ என்று ஒரு பொத்தான் இருக்கும். ஆர்பெஜியேட்டர் என்பதன் சுருக்கம் அது. அதை இயக்கிவிட்டு ஸ, க, ப மூன்றையும் சேர்த்துப் பிடித்தால், ஒன்றாக ஒலிக்க வேண்டிய சுரங்கள் தனித்தனியாகப் பிரிந்து, தாளத்தோடு ஓடத் தொடங்கும். விரல் அசையவே வேண்டாம்.

சொல்லின் வேர் இத்தாலிய மொழியில் இருக்கிறது. ‘ஆர்பா’ என்றால் ஹார்ப். நம் யாழின் இனத்தைச் சேர்ந்த நரம்புக் கருவி. ஹார்ப் வாசிப்பதைக் குறிக்கும் வினையிலிருந்து ‘ஆர்பெஜியோ’ வந்தது. ஒரு கார்டின், அதாவது ஒன்றாக ஒலிக்கும் சுரக் கூட்டத்தின், சுரங்களைச் சேர்த்து ஒலிக்காமல் அடுத்தடுத்து ஒலிப்பதற்கு அந்தப் பெயர். அதைத் தானாகச் செய்யும் பொறி ஆர்பெஜியேட்டர். 1978-இல் வந்த ரோலண்ட் ஜூபிடர்-4, 1982-இல் வந்த ஜூனோ-60 ஆகிய சிந்தசைசர்களில் இது உண்டு. ஜூனோ-60-இல் ஏறுமுகம், இறங்குமுகம், ஏறி இறங்குவது என மூன்றே போக்குகள்தான். இன்றைய மென்பொருள்களில் போக்குகள் பெருகிவிட்டன, அடிப்படை மாறவில்லை.

புதிதாகக் கற்பவர்கள் இதையும் சீக்வென்சரையும் குழப்பிக்கொள்வது உண்டு. சீக்வென்சர் நாம் முன்பே எழுதிவைத்த சுரங்களை வாசிக்கும். ஆர்பெஜியேட்டருக்கு அப்படி எந்தச் சரக்கும் கையில் இல்லை. இப்போது பிடித்திருக்கும் சுரங்கள்தான் அதன் மூலதனம். கார்டை மாற்றினால் ஓட்டமும் மாறும்.

சரி, தாளம் எங்கிருந்து வருகிறது? ‘ரேட்’ என்ற திருகிலிருந்து. நிமிடத்துக்கு 120 தாள அடி என்ற வேகத்தில், அடிக்கு நான்கு சுரம் என்று வைத்தால் ஒரு சுரத்துக்கு 0.125 நொடி. இப்போது ஏறுமுகத்தில் மூன்று சுரங்களை மட்டும் பிடித்துப் பாருங்கள். சுரங்கள் மும்மூன்றாகச் சுழலும், தாளமோ நான்கு நான்காக நடக்கும். திஸ்ரமும் சதுஸ்ரமும் உரசுகிற இடம் இது. முதல் சுரம் ஒவ்வொரு சுற்றிலும் வேறு இடத்தில் விழுந்து, மூன்று அடிக்கு ஒருமுறைதான் அடியின் தலையில் வந்து சேரும். நான்கு அடி கொண்ட ஆவர்த்தனத்தின், அதாவது முழுத் தாளச் சுற்றின், தலைக்கு வர மூன்று ஆவர்த்தனம் ஆகும். நான்காவது சுரம் ஒன்றைச் சேர்த்துவிட்டால் இந்த உரசல் போய்விடும். பழகுவதற்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை என்பேன். இன்னும் இரண்டு அமைப்புகள் உண்டு: ‘கேட்’ என்பது சுரத்தின் நீளத்தைக் குறைத்து இடைவெளி தரும். ‘லாட்ச்’ என்பது கையை எடுத்த பிறகும் ஓட்டத்தைத் தொடரவைக்கும். அவ்வளவுதான்.

தமிழில் என்ன சொல்லலாம்? மூலச்சொல்லே ஹார்ப் என்பதால் யாழ்ப் பக்கம் கை நீள்வது இயல்பு. சிலப்பதிகாரத்தின் கானல்வரி வார்தல், வடித்தல், உந்தல், உறழ்தல், உருட்டல், தெருட்டல், அள்ளல், பட்டடை என்று யாழ் வாசிக்கும் எட்டு முறைகளைச் சொல்கிறது. இவற்றில் ‘உருட்டல்’ ஆசை காட்டும். ஆனால் அது விரலின் தொழில். இங்கோ விரல் சும்மா இருக்கிறது, பொறிதான் வாசிக்கிறது. தவிர, கார்டு என்ற கூட்டொலியை வைத்து வளர்ந்த இசையல்ல நம்முடையது. பழைய சொல் அந்தப் பொருளைத் தாங்காது.

எனவே ஆர்பெஜியோவுக்கு ‘விரிசுரம்’ என்பது என் தேர்வு. குவிந்திருந்த சுரங்கள் விரிகின்றன என்ற பொருள் கேட்டவுடன் புரியும். ஆர்பெஜியேட்டருக்கு ‘சுரவிரிப்பான்’. ‘பெருக்கு’ என்பதிலிருந்து பெருக்கி வருவதுபோல ‘விரி’ என்பதிலிருந்து ஒரு பெயர் நேராக வராது. அதனால்தான் ‘பான்’ ஈறு. ‘சுரவரிசைக் கருவி’ என்றும் சொல்லலாமே என்று தோன்றும். அது சீக்வென்சருக்குத்தான் பொருந்தும், இதற்கு வேண்டாம்.