இங்கிலீஷ் ஓப்பனிங்கில் ஐந்தே நகர்த்தலில் மேட்

போன மாதம் எங்கள் செஸ் கிளப்பில் நடந்த ஞாயிற்றுக்கிழமைப் போட்டியில், என் மாணவன் ஒருவன் வெள்ளைக் காயோடு உட்கார்ந்தான்; நான் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் தோற்று எழுந்துவிட்டான். ஸ்கோர் ஷீட்டில் ஐந்து வரிதான் இருந்தது.

சி4 என்று, அதாவது சி வரிசைச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி, தொடங்கியிருக்கிறான் (இதுதான் இங்கிலீஷ் ஓப்பனிங்), கறுப்பு இ5. குதிரை சி3, எதிரே குதிரை சி6. ஜி3-க்கு பிஷப் சி5. அப்புறம் இவன் இ4 தள்ள, கறுப்புக் குதிரை டி4-இல் வந்து குந்தியது. இந்த நிலையில் எஃப்3 கட்டத்தைக் காப்பது ராணியும் ஜி1 குதிரையும் மட்டும்தான், ஜி சிப்பாய்தான் ஏற்கெனவே முன்னே போய்விட்டதே. இவனோ அந்தக் குதிரையை எடுத்து இ2-வில் வைத்தான். ஒரே நகர்த்தலில் குதிரையின் காவலும் போச்சு, ராணியின் வழியும் அடைபட்டது. கறுப்புக் குதிரை எஃப்3, மேட். ராஜாவைச் சுற்றி நின்றதெல்லாம் சொந்தக் காய்கள், தப்ப வழியில்லை.

இதில் வேதனை என்னவென்றால், அவன் ஆடிய ஒவ்வொரு நகர்த்தலும் நான் சொல்லிக்கொடுத்ததுதான். சி4, இ4, ஜி3, ஜி2-வில் பிஷப், இ2-வில் குதிரை: காய்களை இப்படி நிறுத்துவதற்குப் பெயர் போட்வின்னிக் அமைப்பு. பிஷப்பை முதலில் ஜி2-வில் வைத்திருந்தால் அது எஃப்3-ஐக் காத்திருக்கும், ஒன்றும் ஆகியிருக்காது. "இதற்கு அதிகம் மனப்பாடம் வேண்டாம்" என்று சொல்லித்தான் நாங்கள் எல்லோரும் நடுச் சிப்பாய்க்குப் பதில் பக்கத்துச் சிப்பாயைத் தள்ளும் இந்த ஓரத்துத் தொடக்கங்களைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம், அவர்களும் எதிராளி பக்கம் பார்க்கவே வேண்டாம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். இ4, இ5 என்று ஆடினால் இரண்டாவது மூன்றாவது நகர்த்தலிலேயே காய்கள் உரசும், பயந்தாவது பார்ப்பார்கள். இங்கே எல்லாம் அமைதியாக இருப்பதுபோல் தெரியும்.

பெரிய ஆட்களும் அடிபட்டிருக்கிறார்கள். 1970-இல் பெல்கிரேடில், சோவியத் அணிக்கு எதிரான உலக அணியில், அமெரிக்காவின் ஃபிஷருக்கு மேலே முதல் பலகையில் உட்கார்ந்த டென்மார்க்கின் பென்ட் லார்சன் பி3 ஆடித் தொடங்கினார். அப்போதைய உலக சாம்பியன் ஸ்பாஸ்கி ஒரு குதிரையையும் ஒரு யானையையும் தூக்கிக் கொடுத்துவிட்டு, ஒற்றைச் சிப்பாயை ஓட்டியே 17 நகர்த்தலில் முடித்துவிட்டார். லார்சனின் ராஜா கடைசிவரை நடுவிலேயே மாட்டிக்கொண்டது.

இப்போது வகுப்பில் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் முன்னால் ஒன்றைச் சொல்ல வைக்கிறேன்: இந்தக் காயை எடுத்தால் எந்தக் கட்டம் காவலில்லாமல் போகும்? அடுத்த வாரமும் அவன் சி4 தான் ஆடினான். நான்காவது நகர்த்தலுக்கு ஏழு நிமிடம் யோசித்தான். கொஞ்சம் அதிகம்தான், சரி, நான் ஒன்றும் சொல்லவில்லை.