ரெட்கான்: முன்கதைத் திருத்தம்

ஏற்கெனவே அச்சாகிவிட்ட கதையில் நடந்ததாகச் சொன்ன ஒன்றை, ‘அது அப்படியில்லை, உண்மையில் இப்படித்தான்’ என்று பின்னால் வரும் கதை மாற்றிச் சொல்வதற்கு அமெரிக்க காமிக்ஸ் வட்டாரத்தில் வழங்கும் பெயர் ரெட்கான். பழைய இதழில் ஓர் எழுத்தும் மாறாது. அதை நாம் படிக்கிற விதம்தான் மாறும்.

‘ரெட்ரோஆக்டிவ் கன்டின்யூயிட்டி’ என்பதன் இரு தலைகளையும் வெட்டி ஒட்டியதே இந்தச் சொல். முதல் பாதிக்குத் தமிழ் நம்மிடமே உண்டு: அகவிலைப்படி உயர்வை அரசாணை ‘முன்தேதியிட்டு’ வழங்குமே, அதே பொருள். இரண்டாவது, கதைத்தொடர்ச்சி. 1973-ல் ஓர் இறையியல் நூலில் இத்தொடர் தென்படுகிறது. காமிக்ஸுக்கு அது வந்தது 1983-ல், ராய் தாமஸ் எழுதிய ‘ஆல்-ஸ்டார் ஸ்குவாட்ரன்’ 18ஆம் இதழின் வாசகர் கடிதப் பக்கத்தில். ‘ரெட்கான்’ என்று சுருங்கியது 1988 வாக்கில், அன்றைய இணைய விவாதக் குழுக்களான யூஸ்நெட்டின் அரட்டைகளில். பெயர்தான் புதிது, வேலை பழையது. 1893-ல் அருவியில் விழுந்து செத்தவர் ஷெர்லாக் ஹோம்ஸ்; 1903-ல் வந்த கதை, அவர் விழவே இல்லை என்றது.

சூப்பர்ஹீரோக்களுக்கு இது ஏன் இவ்வளவு தேவைப்படுகிறது என்பதற்கு கேப்டன் அமெரிக்காவை விடத் தெளிவான உதாரணம் இல்லை. 1941-ல் முதல் இதழின் அட்டையிலேயே ஹிட்லரின் முகத்தில் குத்திக்கொண்டு வந்தவர். போர் முடிந்ததும் மவுசு இறங்கியது. வாசகர்கள் குற்றக்கதை, காதல்கதை, பேய்க்கதைப் பக்கம் போனார்கள். 74ஆம் இதழில் பத்திரிகையின் பெயரோடு ‘விசித்திரக் கதைகள்’ என்று சேர்த்தார்கள். 1950-ல் வந்த 75ஆம் இதழில் பேய்க்கதை மட்டும்தான், நாயகரே இல்லை! 1953-54-ல் கம்யூனிஸ்டுகளை அடித்து நொறுக்குபவராகத் திரும்பக் கொண்டுவந்தார்கள். சொந்தப் பெயரில் மூன்றே இதழ்கள், அதோடு சரி.

1964-ல் சூப்பர்ஹீரோக் குழுவின் கதையான ‘அவெஞ்சர்ஸ்’ 4ஆம் இதழ் அவரைக் கடலிலிருந்து எடுத்தது: 1945 முதல் பனிக்கட்டிக்குள் உறைந்துகிடந்தாராம். மக்களுக்குப் பிடித்துவிட்டது. ஆனால் கணக்கு இடித்தது. 1945-லேயே உறைந்துபோனவர் 1954-ல் எப்படிச் சண்டை போட்டார்?

எழுத்தாளர் ஸ்டீவ் எங்கிள்ஹார்ட் 1972-ல், ‘கேப்டன் அமெரிக்கா’ 153 முதல் 156 வரையிலான இதழ்களில் விடை சொன்னார். ஐம்பதுகளில் வந்தவர் வேறொருவர். கேப்டன்மேல் இருந்த பித்தில் முகத்தை அறுவைசிகிச்சையால் மாற்றி, பெயரையும் சூட்டிக்கொண்ட ரசிகர். கேப்டனுக்குப் பலம் தந்த வீரிய மருந்தை ஏற்றிக்கொண்டவர், அதோடு சேர வேண்டிய கதிர்ச் சிகிச்சையைப் பெறவில்லை. புத்தி பேதலித்து, பார்ப்பவரெல்லாம் கம்யூனிஸ்டாகத் தெரிய, அரசே அவரை உறையவைத்துவிட்டது. விற்காத கதைகளின் வெறிப்பேச்சு இப்போது நோயின் அறிகுறியாகிவிட்டது. என் கணக்கில் இதுதான் இந்தக் கலையின் உச்சம். 1945-க்குப் பின் 1949 வரை அச்சான கதைகளில் வந்தவர் யார் என்ற மிச்ச ஓட்டையை அடைக்க, மேலே சொன்ன அதே ராய் தாமஸ் 1977-ல் இன்னும் இரண்டு மாற்று ஆட்களை நுழைத்தார்.

சொதப்பினால் எப்படியிருக்கும் என்பதற்கு பேட்மேனின் துணைவன் ராபினாக வந்த இரண்டாவது ஆள், ஜேசன் டாட். 1988-ல் தொலைபேசி வாக்கெடுப்பு நடத்தி, 5,343-க்கு 5,271 என்ற கணக்கில் அவனைக் கொன்றார்கள். 2005-ல் உயிரோடு வந்தான். காரணம்: வேறோர் உலகத்து சூப்பர்பாய் பிரபஞ்சத்தின் சுவரைக் குத்தியதில் ஏற்பட்ட அதிர்வாம். பழைய கதையில் இதற்கு ஒரு நூல்முனைகூடக் கிடையாது. அதே ஆண்டில் கேப்டனின் தோழன் பக்கியும் மீண்டான். அவன் விஷயத்தில், 1964-ல் ‘வெடித்துச் செத்தான்’ என்றார்களே தவிர உடல் கிடைத்ததாகச் சொல்லவில்லை. அந்த இடைவெளி போதுமானதாக இருந்தது.

இனி தமிழ். ‘பின்னோக்கிய தொடர்ச்சி’ என்று நேராகப் பெயர்த்தால் யாருக்கும் எதுவும் விளங்காது. ‘இடைச்செருகல்’ பொருந்தும்போலத் தோன்றும். ஆனால் அது பழைய ஏட்டுக்குள்ளேயே வேறு கை புகுந்து, சொல்லாமல் சேர்ப்பது. ரெட்கான் புதிய கதையில், எல்லாரும் பார்க்க நடப்பது. வார இதழ்த் தொடர்கதைகளால் ‘முன்கதைச் சுருக்கம்’ நமக்குப் பழகிய சொல். அந்தத் தடத்திலேயே ‘முன்கதைத் திருத்தம்’ என்றால் கேட்டவுடன் புரிகிறது; ‘முன்கதையைத் திருத்தினார்கள்’ என்று வினையாகவும் வளைகிறது.

ரீபூட்டை இதோடு குழப்ப வேண்டாம். அது ‘மறுதொடக்கம்’: 2011-ல் பேட்மேன் கதைகளை வெளியிடும் டிசி நிறுவனம் 52 தலைப்புகளை முதல் எண்ணிலிருந்து வெளியிட்டதுபோல, பழைய ஏட்டை மூடிப் புதுக்கணக்கு எழுதுவது. டிவி சீரியலில் ‘இவருக்குப் பதில் இவர்’ என்று போடுவதும் முன்கதைத் திருத்தம் ஆகாது. ஆள்தான் மாறுகிறார், கதை மாறவில்லை. அதே சீரியலில் கொள்ளிவைத்து முடித்த மாமனார் நூறு எபிசோடு கழித்து வாசலில் வந்து நின்று, ‘அன்று எரிந்தது நானில்லை’ என்றால், அது ஆகும்.