விதைக்கிழங்கு மூட்டையும் 1914-ஆம் வருடச் சட்டமும்

“ஊட்டிக் கிழங்கைக் கீழே கொண்டுபோகக் கூடாதாமே, சார்?” நீலகிரியிலும் கொடைக்கானல் மேல்மலைக் கிராமங்களிலும் விவசாயிகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. அப்படி ஒரு தடை கிடையாது. சமையலுக்குப் போகிற கிழங்கு மேட்டுப்பாளையம் மண்டிக்கும் போகலாம், மதுரைக்கும் போகலாம். தடை விதைக்கிழங்குக்கு; அதில் ஒட்டிய மண்ணோடு, வேரைத் தாக்கும் நூற்புழு என்ற நுண்புழு ஊர் தாண்டுகிறது என்பதற்காக. வாய்வழியாகப் பரவும்போது ‘விதை’ என்ற சொல் மட்டும் உதிர்ந்துவிடுகிறது. பிறகு ஒருவர் பயந்துபோய், கிடைத்த விலைக்குச் சரக்கைத் தள்ளிவிடுகிறார். இன்னொருவர் “எல்லாருந்தான் அனுப்புறாங்க” என்று தரம் பிரித்ததில் மிஞ்சிய பொடிக்கிழங்கைச் சமவெளிக்கு விதையாக ஏற்றிவிடுகிறார். முதலாமவருக்கு நஷ்டம் அந்தப் போகத்தோடு போய்விடும். இரண்டாமவர் செய்வது இருபது வருடத்துக்கு மண்ணில் நிற்கும்.

பயிர் நோய் பற்றிய அரசு அறிவிக்கை எதைப் படித்தாலும் பூச்சியின் பெயரிலேயே கண்ணை நிறுத்திவிடாதீர்கள். அது எதில் தொற்றிக்கொண்டு ஊர் தாண்டுகிறது என்று அறிவிக்கை சொல்கிறதோ, அந்த வரியைத் தேடுங்கள். விதைக்கிழங்கா, வாழைக்கன்றா, காப்பிக் கொட்டையா, சாக்கா? நாம் செய்யவேண்டிய வேலை முழுவதும் அந்த வரியில்தான் இருக்கிறது.

இந்த அறிவிக்கைகளுக்குத் தாய்ச்சட்டம் வெள்ளைக்காரர் காலத்தது. அழிவு செய்யும் பூச்சிகள் மற்றும் நோய்கள் சட்டம், 1914. கப்பலை மனதில் வைத்து எழுதப்பட்டது. அதற்கு முன்பே 1906-ல், பஞ்சுப் பொதிகளோடு மெக்சிகோ காய்க்கூன்வண்டு வந்து இறங்கிவிடுமோ என்ற பயத்தில், துறைமுகத்திலேயே பொதிகளுக்கு நச்சுப்புகை போடச் சொல்லி உத்தரவு வந்திருந்தது. ஆலைக்காரர்களின் பஞ்சுக்கு இருந்த அந்தக் காவல் மலைத்தோட்டத்துக்கு இருக்கவில்லை. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் காலத்தில், 1820-களில், இங்கிலீஷ் காய்கறிகளோடு உருளைக்கிழங்கும் உதகைக்கு ஏறியது. 1870-க்கும் 1880-க்கும் இடையில் பின்பருவக் கருகல் நோய் இந்தியாவில் முதலில் தலைகாட்டியதும் நீலகிரியில்தான். சட்டம் பிறந்தபோது அந்த நோய்க்கு மலையில் ஒரு தலைமுறை வயதாகியிருந்தது.

அறிவிக்கை பெரும்பாலும் நோய்க்குப் பின்னால்தான் வருகிறது. “வந்த பிறகு எதுக்குத் தடை?” என்று கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் தடை போடுவது ஏற்கெனவே நோய் விழுந்த தோட்டத்துக்காக இல்லை, இன்னும் விழாத தோட்டத்துக்காக. அந்தத் தோட்டம் பக்கத்து ஊரிலும் இருக்கலாம், பக்கத்து மாநிலத்திலும் இருக்கலாம்.

சென்னை மாகாண அரசு 1919-ல் தனியாக ஒரு வேளாண் பூச்சி, நோய்ச் சட்டம் போட்டது. அதன் நடைமுறையைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. எந்தப் பூச்சி, நோய் அல்லது களை, எந்த எல்லைக்குள், எந்தக் காலத்துக்கு, என்ன செய்யவேண்டும் என்று அரசிதழில் அறிவிக்கை வரும். அதன்பின் நிலத்தை யார் அனுபவிக்கிறாரோ அவர் அதைச் செய்தாகவேண்டும். செய்யாவிட்டால் அலுவலர் நோட்டீஸ் கொடுப்பார். அதற்கும் அசையாவிட்டால் அரசே ஆள்விட்டு வேலையை முடித்து, செலவை நிலவரி பாக்கி போல வசூலிக்கும். கோயம்புத்தூர்ப் பக்கம் கம்போடியாப் பருத்தி மாரை, அதாவது பஞ்செடுத்த பின் நிற்கும் செடியை, கெடு வைத்துப் பிடுங்கவைத்தது இந்தச் சட்டம்தான். இதில் ‘அனுபவிப்பவர்’ என்ற சொல் முக்கியம். மலையில் பாதித் தோட்டம் வாய்வழிக் குத்தகையில் ஓடுகிறது. பட்டாதாரர் வெளியூரில் இருக்க, நோட்டீஸ் வாங்குவது குத்தகைக்காரராக இருக்கும். பயிரை அழிக்கச் சொன்னால் அந்தச் செலவு யாருடையது என்று குத்தகைச் சீட்டில் ஒரு வரி எழுதிக்கொள்வது இருவருக்கும் நல்லது.

இனி உருளைக்கு வருவோம். 1961-ல் இந்தியா வந்த ஆங்கில நூற்புழு ஆய்வாளர் ஜோன்ஸ், உதகையில் முட்டைக்கூடு நூற்புழுவைக் கண்டறிந்தார். பொன்னிறக் கூடு, வெள்ளைக் கூடு என்று இரண்டு இனம் உண்டு. இரண்டும் நம் மலைகளில் இருக்கின்றன. 1971-ல் 1914 சட்டத்தின்கீழ் நம் மலைகளின் விதைக்கிழங்கு வெளியே போகத் தடை வந்தது. 2018-ல் இமாச்சலப் பிரதேசம், ஜம்மு காஷ்மீர், உத்தராகண்ட் மலைகளின் விதைக்கிழங்குக்கும் மத்திய அரசு அதே தடையைப் போட்டது. “வடக்கத்தி விதை, சுத்தமான விதை” என்ற பழைய நம்பிக்கையை அதோடு விட்டுவிடலாம்.

இந்தப் புழுவின் பிடிவாதம் அதன் கூட்டில் இருக்கிறது. பெண் புழு வேரில் வாயைப் பதித்துக்கொண்டு உருண்டையாக ஊதும். செத்த பிறகு அதன் தோலே தடித்து முட்டைப் பெட்டியாகிவிடும். அரை மில்லிமீட்டர் அளவுதான், ஆனால் உள்ளே 200 முதல் 500 முட்டை இருக்கும். உருளை வேரிலிருந்து கசியும் சாறு மண்ணில் பட்டால் முட்டைகள் பொரிக்கும். படாவிட்டால் இருபது வருடம்கூடக் காத்துக்கிடக்கும். ஒரு ஏக்கருக்கு 1,200 முதல் 1,400 கிலோ விதைக்கிழங்கு வைக்கிறோம். எடையில் நூற்றுக்கு ஒரு பங்கு மண் ஒட்டியிருந்தாலே, அடுத்தவர் தோட்டத்து மண் 12 கிலோவை நாமே சுமந்துவந்து சால் முழுக்கத் தூவுகிறோம் என்று கணக்கு. ஒட்டிய மண்ணில்தான் கூடு இருக்கிறது. தடை விதைக்கிழங்கின்மேல் விழுந்ததற்குக் காரணம் இதுதான். கடையில் போய்க் குழம்பில் முடிகிற கிழங்கு திரும்ப மண்ணுக்குப் போவதில்லை.

தோட்டத்தில் முதலில் தெரிவது திட்டுத்திட்டான மஞ்சள். அந்தத் திட்டில் செடி குட்டையாக நிற்கும், உச்சிவெயிலில் துவண்டு சாயங்காலம் நிமிரும். உரம் போதவில்லை என்று நினைத்து யூரியாவைக் கூட்டுவதுதான் வழக்கமாக நடக்கிற தவறு. வேர் குறைந்த செடி அந்த உரத்தை எடுக்காது.

சோதித்துப் பார்க்கச் சரியான நேரம் நட்டு 50 முதல் 60 நாள். திட்டின் நடுவில் பார்க்காதீர்கள். ஓரத்தில், பாதி நலமாக நிற்கிற செடியைத் தேர்ந்தெடுங்கள். செடியைக் கையால் இழுத்தால் நுண்வேர் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். கூடு இருப்பது அந்த நுண்வேரில்தான். மண்வெட்டியால் சுற்றிலும் தோண்டி மண்கட்டியோடு தூக்கி, வாளித் தண்ணீரில் கால்மணி நேரம் ஊறவிடுங்கள். தேய்க்காமல் அசைத்தாலே மண் கழன்றுவிடும். கைலென்ஸ் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் வெயிலில் பிடித்துப் பார்க்கலாம். ஊசிமுனை அளவு உருண்டைகள் வேரில் ஒட்டியிருக்கும். பொன்னிற இனம் வெள்ளையிலிருந்து மஞ்சளாகிப் பழுப்பாகும். மற்றது மஞ்சளைத் தொடாமல் வெள்ளையிலிருந்து நேரே பழுப்பாகும். அறுவடையின்போது பார்த்துப் பயனில்லை. முதிர்ந்த கூடுகள் அதற்குள் உதிர்ந்து மண்ணோடு கலந்திருக்கும், வேர் சுத்தமாகத் தெரியும். “எங்க தோட்டத்துல இல்லை” என்ற தவறான முடிவு அங்கேதான் பிறக்கிறது. உருண்டை தெரிந்தால் வேரோடு மண்ணையும் பையில் கட்டி, சர்வே எண் எழுதி, தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்திலோ முத்தோரை உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்திலோ கொடுங்கள்.

உருளை வைக்காத நிலத்தில் முட்டைகள் வருடத்துக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறையும். மூன்று, நான்கு வருடம் கேரட், முட்டைகோஸ், பீன்ஸ், பூண்டு என்று மாற்றச் சொல்வது இதனால்தான். தக்காளியும் கத்தரியும் இந்த மாற்றுப்பயிரில் சேராது, அவையும் இந்தப் புழுவுக்குச் சாப்பாடுதான். மாற்றியும் பலன் இல்லை என்பவர்களின் தோட்டத்தைப் போய்ப் பார்த்தால், கேரட் பாத்தி நடுவே தானாக முளைத்த உருளைச் செடிகள் நிற்கும். அறுவடையில் தப்பிய கிழங்கு அது. ‘கிடைக்கிறது லாபம்’ என்று அதை விட்டுவைத்தால், சுழற்சி காகிதத்தில் மட்டும்தான் நடக்கிறது. பூக்கும் முன்பே கிழங்கோடு தோண்டி எடுக்கவேண்டும். ரகத்தில் குஃப்ரி ஜோதி இந்தப் புழுவுக்குத் தாங்காது. குஃப்ரி சுவர்ணாவும் குஃப்ரி நீலிமாவும் எதிர்ப்புள்ளவை.

விதைக்கிழங்கைச் சோடியம் ஹைப்போகுளோரைட் 2 சதவீதக் கரைசலில் 30 நிமிடம் நனைக்கும் முறை ஒன்றும் இருக்கிறது. ஒட்டிய கூட்டை அது கரைக்கும். கேனில் 4 சதவீதம் என்று போட்டிருந்தால் சம பங்கு தண்ணீர் சேர்க்கவேண்டும். மண்ணோடு போட்டால் மண்ணே மருந்தைத் தின்றுவிடும், அதனால் முதலில் கழுவுங்கள். வெயிலில் வைத்த பழைய கேனில் வீரியம் இருக்காது. அமிலம் எதையும் கூடச் சேர்க்காதீர்கள், கையுறை போடுங்கள், நனைத்த கிழங்கை நிழலில் உலர்த்துங்கள். நனைத்துவிட்டோம் என்பதால் தடை நீங்கிவிடாது. அது சொந்தத் தோட்டத்துக்கான முன்ஜாக்கிரதை மட்டும்தான்.

கிழங்கைவிட அதிகம் ஊர் சுற்றுவது சாக்கு. மண்டியிலிருந்து திரும்பி வரும் பழைய சாக்கில் யார் தோட்டத்து மண் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. விதைக்கும் எருவுக்கும் அதை எடுக்காதீர்கள். தரம் பிரிக்கிற கொட்டகையைக் கூட்டிய மண்ணை எருக்குழியில் போடும் பழக்கமும் கெட்டது. மண்வெட்டி, கொத்து, பூட்ஸ் எல்லாம் நல்ல தோட்டத்தில் முதலில் இறங்கட்டும், நோய்த் தோட்டத்தில் கடைசியாக. சரிவு நிலத்தில் மேல்படியில் கூடு இருந்தால், ஒரு நல்ல மழைக்குப் பிறகு கீழ்ப்படியிலும் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சாலை வேலையும் குழாய் பதிக்கிற வேலையும் இந்தக் கணக்கில் வரும். சாலையோரம் வெட்டிய மேல்மண்ணை ஒப்பந்தக்காரர் “வேணும்னா எடுத்துக்கோங்க” என்று இறக்கிவிட்டுப் போனால், பள்ளம் நிரம்பியது என்று சந்தோஷப்படுவதற்கு முன்னால் அந்த மண் எந்தத் தோட்டத்து ஓரத்தில் வெட்டியது என்று கேளுங்கள். கிராம சபையில் வேலை பற்றிப் பேச்சு வரும்போது, வெட்டுமண்ணை எங்கே கொட்டுவது என்பதையும் தீர்மானத்தில் எழுதச் சொல்லலாம்.

பூண்டு இன்னொரு ஓட்டை. விதைக்கிழங்குத் தடையில் பூண்டு வராது, நூற்புழு பூண்டைத் தொடுவதும் இல்லை. ஆனால் நீலகிரிப் பூண்டை வடமாநில வியாபாரிகள் விதைக்கென்றே வாங்குகிறார்கள். உருளை வைத்த நிலத்தில் அடுத்து வைத்த பூண்டின் வேர்க்கொத்தில் ஒரு பிடி மண் இருக்கும். வேரை ஒட்ட நறுக்கி, மண்ணைத் தோட்டத்திலேயே தட்டிவிட்டு அனுப்புவதில் ஒரு செலவும் இல்லை.

மற்ற அறிவிக்கைகளையும் இதே கண்ணோடு படிக்கலாம். காப்பிக் காய்த்துளைப்பான் இந்தியாவில் முதலில் அகப்பட்டது 1990-ல், கூடலூரில். அது கொட்டைக்குள்ளேயே பயணம் செய்வதால் உலர்த்துவதுதான் வேலி: பார்ச்மென்ட் (பழத்தோல் நீக்கி உலர்த்திய கொட்டை) 10 சதவீத ஈரம், அரபிகா செர்ரி (பழத்தோடு உலர்த்தியது) 10.5, ரொபஸ்டா செர்ரி 11. தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் சிறு தோட்டக்காரர்கள் பலர் பல்லில் கடித்துப் பார்த்தே மூட்டை கட்டுகிறார்கள். பல்லுக்கு 11-க்கும் 13-க்கும் வித்தியாசம் தெரியாது. செடியடியில் உதிர்ந்த காயைப் பொறுக்காமல் விட்டால் அடுத்த வருடத்து வண்டு அதில்தான் தங்கும்.

கீழ்ப்பழனி மலையில் விருப்பாச்சி வாழையைச் சீரழித்த முடிக்கொத்து நோய் கன்றில் போகும், அசுவினியில் பறக்கும். நோய்மரத்தை எடுத்தவுடனே வெட்டிச் சாய்ப்பது தவறு. ஆட்டம் கண்ட அசுவினி பக்கத்து மரத்துக்குப் போய்விடும். முதலில் குருத்திலும் மட்டை இடுக்கிலும் மண்ணெண்ணெய் விட்டு அசுவினியைக் கொல்லவேண்டும். அதன்பிறகு கிழங்கோடு தோண்டி, துண்டாக்கிப் புதைக்கலாம்.

தடை மட்டுமே போதாமல் போனதற்கும் இந்த மலைகளிலேயே உதாரணம் உண்டு. 1928-ல் நீலகிரிச் சீகை மரங்களில் ஆஸ்திரேலியச் செதில்பூச்சி ஐசீரியா பரவியபோது, அதைத் தின்னும் ரொடோலியா பொறிவண்டை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து விட்டார்கள். 1940-களில் அந்தச் செதில்பூச்சி கொடைக்கானலில் தலைகாட்டியபோதும் அதே வண்டுதான் கைகொடுத்தது.

அறிவிக்கையின் நகலைக் கையில் வாங்கிப் படியுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் படத்தில் பெரும்பாலும் முதல் பக்கம் மட்டும்தான் இருக்கும், பொருளும் எல்லையும் விதிவிலக்கும் கடைசி அட்டவணையில் இருக்கும். தேதியைப் பாருங்கள், பழைய ஆணையை ரத்து செய்து வந்ததா என்றும் பாருங்கள். விதை வாங்கும்போது எந்த மாநிலம், எந்த மாவட்டத்தில் விளைந்தது என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள். சான்று விதை என்று விற்றால் மூட்டையில் நீல அட்டை இருக்கவேண்டும், ஆதார விதைக்கு (சான்று விதையைப் பெருக்க எடுக்கும் விதைக்கு) வெள்ளை. அட்டையைத் தனியாக நீட்டினால் வாங்காதீர்கள்; அது மூட்டையின் தையலோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருக்கவேண்டும்.