தக்காளிச் சாற்றில் காய்கள் குழையாமல் நிற்பது ஏன்?

வெறும் நீரில் சில நிமிடங்களிலேயே குழைந்துவிடும் சுக்கினி என்னும் சீமைச் சுரைக்காய், ரட்டட்டூயியில் முக்கால் மணி நேரம் கிடந்தும் வடிவம் குலையாமல் இருப்பது ஏன் என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். தெற்குப் பிரான்சின் நீஸ் நகரத்துக்குப் பெயர்பெற்ற இந்தக் குழம்பில் கத்தரிக்காய், சுக்கினி, குடைமிளகாய், வெங்காயம், பூண்டு ஆகியவை ஆலிவ் எண்ணெயிலும் தக்காளிச் சாற்றிலும் சிறுதீயில் வேகின்றன. விடை அந்தச் சாற்றின் புளிப்பில் இருக்கிறது.

தாவரச் செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருப்பது பெக்டின் என்னும் நீண்ட சர்க்கரைச் சங்கிலி. ஏறத்தாழ 80 டிகிரி செல்சியசுக்கு மேல், அமிலமற்ற நீரில், இச்சங்கிலி துண்டு துண்டாக அறுந்து கரைகிறது, செல்கள் பிரிகின்றன, காய் வெந்துவிட்டது என்கிறோம். அறுப்பதைத் தொடங்கிவைப்பது நீரில் இயல்பாகவே சிறிதளவு இருக்கும் ஹைட்ராக்சைடு அயனி என்னும் மின்னூட்டத் துகள். அது மெத்தில் தொகுதி என்னும் சிறு அணுக்கூட்டம் கொண்ட ஓர் அலகிலிருந்து ஒரு புரோட்டானைப் பிடுங்கியதும் அடுத்த பிணைப்பு தானே முறிகிறது. அமிலத்தன்மையைக் காட்டும் அளவு பிஎச்: தூய நீருக்கு அது 7, எண் குறையக் குறைய அமிலம் மிகும். தக்காளியின் பிஎச் மதிப்பு ஏறத்தாழ 4.3, அங்கே இந்த அயனிகள் தூய நீரில் உள்ளதைவிடச் சில நூறு மடங்கு குறைவு. அமிலம் மிகுந்துவிட்டாலோ, அதுவே வேறு வழியில் சங்கிலியை வெட்டத் தொடங்கும். இரு வகை அறுப்புக்கும் மிகக் குறைவாக இடம்தரும் நிலை பிஎச் 4-ஐ ஒட்டியே அமைகிறது என்பதும், தக்காளி கிட்டத்தட்ட அங்கேயே வந்து நிற்கிறது என்பதும் எனக்கு அலுக்காத வியப்பு. பருப்பு வெந்த பிறகே சாம்பாருக்குப் புளி கரைத்து ஊற்றுவதிலும் இதே வேதியியல் செயல்படுகிறது.

சிறுதீயும் தன் பங்கைச் செய்கிறது. 50 முதல் 70 டிகிரிவரை மெதுவாகச் சூடேறும்போது காயிலுள்ள ஒரு நொதி மெத்தில் தொகுதிகளை நீக்க, வெறுமையான இடங்களைக் கால்சியம் பிணைத்து இறுக்குகிறது.

பெக்டினை 1825-இல் விவரித்த பிரெஞ்சு வேதியியலாளர் ஆன்றி பிராக்கோனோவுக்குச் சமையல் குறிப்பு எழுதும் நோக்கம் இருந்திருக்காது. உடனடிப் பயன் என்ன என்று கேட்டே ஆய்வுக்கு நிதி ஒதுக்குவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

தக்காளியின் புளிப்பில் காய்கள் மேலும் மென்மையாவது கடினம் என்பதால், அவற்றை வேண்டிய மென்மைக்குத் தனித்தனியே வதக்கிய பின்னரே தக்காளியோடு சேர்ப்பது நல்லது. கத்தரிக்காயில் உப்பிட்டு வைத்தால் அதன் நஞ்சு இறங்கும் என்பது வெறும் நம்பிக்கை. உப்பு, காயிலுள்ள நீரை உறிஞ்சுவதால் காற்றறைகள் அமுங்கி, காய் குடிக்கும் எண்ணெய் குறைகிறது, அவ்வளவே. ஒரு சிட்டிகை சமையல் சோடா அமிலத்தைத் தணித்துக் காயை விரைவில் குழைத்துவிடும் என்றாலும், தக்காளியின் சுவையையும் வைட்டமின் சியையும் கெடுக்கும் என்பதால் அதை நான் பரிந்துரைப்பதில்லை.